வார்ப்பதற்கு முன்பே உடைந்த க்யூப்: கட்டுமான மேலாண்மை வகுப்பில் தரவுப் பகுப்பாய்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் தடவை இந்தப் பாடத்தை எடுத்தபோது சொதப்பினேன். அதை மறைத்துவிட்டு இரண்டாம் தடவை நடந்ததை மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது, அதனால் சொதப்பலில் இருந்தே தொடங்குகிறேன்.

கட்டுமான மேலாண்மை முதுநிலை வகுப்பு. 34 மாணவர்கள், 14 வாரம், வாரத்துக்கு ஒரு தடவை மூன்று மணி நேரம். பாதிப் பேர் ஒன்றிரண்டு வருடம் சைட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், மீதிப் பேர் இளநிலை முடித்த கையோடு வந்தவர்கள். நான் பல வருடம் பிளானிங்கில் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவன், பைதான் என்ற நிரல்மொழியைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டவன். சொந்தமாகக் கற்றவனிடம் ஒரு வியாதி உண்டு, தான் பட்ட பாட்டை மற்றவர்களும் அதே வரிசையில் பட வேண்டும் என்று நினைப்பான். முதல் ஐந்து வாரம் வேரியபிள், லூப், ஃபங்ஷன் என்று நிரல் எழுதும் அடிப்படைகளிலேயே போனது. அப்புறம் இணையத்தில் எல்லோரும் எடுத்தாளும் வீட்டு விலைத் தரவை வைத்து ரெக்ரஷன், அதாவது தெரிந்த எண்களை வைத்துத் தெரியாத எண்ணை மதிப்பிடும் கணக்கு. அந்தத் தரவு ஏற்கெனவே யாரோ துடைத்து, மடித்து, இஸ்திரி போட்டு வைத்தது. மாணவர்கள் நான் எழுதிய வரிகளை அப்படியே தட்டினார்கள், விடை வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

கடைசி மாதம், சொந்தமாக ஒரு திட்டம் செய்யுங்கள் என்றேன். ஒரு குழு, எந்த வேலை தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லும் மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. துல்லியம் 97 சதவீதம். கைதட்டினோம். அதிக மதிப்பெண்ணும் போட்டேன். விடுமுறையில் அந்தக் கோப்பைச் சும்மா திறந்து பார்த்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. மாடலுக்குக் கொடுத்த தரவில் "தாமதக் காரணம்" என்று, அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பத்தி இருந்தது. வேலை தாமதமான பிறகு எழுதுவது அது. தாமதம் ஆகாத வேலைக்கு அந்த இடம் காலியாக இருக்கும். மாடல் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: அங்கே ஏதாவது எழுதியிருந்தால் தாமதம், காலியாக இருந்தால் தாமதமில்லை. நடந்து முடிந்ததைப் படித்துவிட்டு நடக்கப்போவதைச் சொல்கிற ஜோசியம். மிச்சமிருந்த 3 சதவீதம், காரணத்தை எழுத மறந்த நாட்களாக இருக்க வேண்டும்.

தப்பு மாணவர்களுடையது இல்லை. சைட்டில் அந்தப் பத்தியை யார், எப்போது, எதற்காக நிரப்புகிறார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பத்தியைப் பல வருடம் நானே நிரப்பியிருக்கிறேன்.

இடையில் ஒரு விஷயம். சைட்டில் தூணைக் "காலம்" என்பார்கள், பிளானிங்கில் காலம் என்றால் நேரம், எக்செல் படித்தவர்களுக்குக் காலம் என்றால் அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடுவது. ஒரே வகுப்பில் மூன்றையும் வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது என்று, அட்டவணையில் இருப்பதைப் பத்தி என்றே சொல்வது என முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். இங்கேயும் அப்படித்தான்.

தரவு வாங்கிய கதை

இரண்டாம் வருடத்துக்கு நான் முடிவு செய்தது ஒன்றுதான். துடைத்து வைத்த தரவு வேண்டாம், உண்மையான சைட்டின் அழுக்குத் தரவு வேண்டும். சொல்வது சுலபம். எந்த நிறுவனமும் ரேட் இருக்கிற கோப்பை வெளியே தராது, யார் சப்-கான்ட்ராக்டர் என்பதையும் தராது. கேட்டதும் அவர்கள் முதலில் சொல்வது, "நல்லா க்ளீன் பண்ணித் தர்றோம்." அதுதான் வேண்டாம் என்று புரியவைக்கப் பெரும்பாடு ஆனது. ஒருவழியாக, கட்டி முடித்து ஒப்படைத்துவிட்ட ஒரு பல மாடிக் கட்டடத்தின் தரவு கிடைத்தது. பெயர்களை எடுத்துவிட்டார்கள், விலைகளை எடுத்துவிட்டார்கள், தப்புகளை மட்டும் நாங்கள் கெஞ்சியபடியே விட்டுவைத்தார்கள். கிடைத்தவை நான்கு: தினசரி அறிக்கைகள், கான்கிரீட் க்யூப் ரிஜிஸ்டர், கம்பி வேலைக் கணக்கு, மாதாந்திர முன்னேற்ற அறிக்கை. இந்த நான்கையும் வைத்தே 14 வாரமும் ஓடியது. புதுத் தரவு எதுவும் கொண்டுவரவில்லை. ஒரே கட்டடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் சலிக்குமே என்று பயந்தேன். பத்தாவது வாரத்தில் மாணவர்கள் அந்தக் கட்டடத்தின் ஏழாம் தளத்தைப் பற்றிச் சொந்த வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வாரம், கணினி இல்லாமல்

இருபது நாள் தினசரி அறிக்கையைப் பிரதி எடுத்து, எட்டுக் குழுவுக்கும் கொடுத்தேன். ஒரே கேள்வி: மூன்றாம் தளத்தில் ஒரு டன் கம்பி கட்ட எத்தனை ஆள்-நாள் (ஒரு ஆளின் ஒரு நாள் உழைப்பு) ஆனது? பேனாவும் கால்குலேட்டரும் போதும். நாற்பது நிமிடம் கொடுத்தேன்.

எட்டுக் குழுவிடமிருந்து ஏழு விதமான விடை வந்தது. இரண்டு குழுவுக்கு ஒரே விடை வந்ததும் தற்செயல் என்று பிறகு தெரிந்தது.

ஏன் என்று கேட்டதில்தான் பாடம் தொடங்கியது. ஒரு நாள் "கம்பி கட்டுபவர் 12" என்று இருக்கிறது, மறுநாள் "12+4". அந்த 4 உதவியாளா, இன்னொரு ஆள் குழுவா? சிலர் சேர்த்தார்கள், சிலர் விட்டார்கள். இரவு வேலை நடந்த நாளில் ஒரு ஆளை ஒன்றரை என்று எண்ணுவதா, ஒன்று என்றா? மூன்றாம் தளம் என்றால் மூன்றாம் தளத்தின் தரையா, தலைக்கு மேலே இருக்கிற ஸ்லாபா? தரைத்தளத்தை ஒன்று என்று எண்ணுகிறவர் எழுதிய அறிக்கையும், பூஜ்யம் என்று எண்ணுகிறவர் எழுதிய அறிக்கையும் அதே இருபது நாளுக்குள் இருந்தன. இடையில் சைட் இன்ஜினியர் மாறியிருக்கிறார், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தட்டச்சு செய்த கோப்பில் இது தெரியாது.

சைட் அனுபவம் உள்ள மாணவர்களின் மதிப்பு அன்றைக்குத்தான் வகுப்புக்குத் தெரிந்தது. முந்தைய வருடம் அவர்கள்தான் பைதானில் பின்தங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு குழுவும் அவர்களில் ஒருவரைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

91 நாள்

மூன்றாம் வாரம் க்யூப் ரிஜிஸ்டர். கான்கிரீட் போடும்போது மாதிரிக்கு 150 மில்லிமீட்டர் கன சதுரங்கள் வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து உடைத்து வலிமை பார்ப்பார்கள். இது மாணவர்கள் எல்லோருக்கும் அத்துப்படி. அதனால் வேலை சுலபம் என்று நினைத்தார்கள்: உடைத்த தேதியிலிருந்து வார்த்த தேதியைக் கழி, 7 அல்லது 28 வர வேண்டும், வராததைப் பொறுக்கி எடு.

ஒரு வரியில் விடை மைனஸ் 91.

வார்ப்பதற்கு மூன்று மாதம் முன்பே உடைத்த க்யூப். வகுப்பு சிரித்தது. எக்செல் கெட்டுப்போச்சு என்றார் ஒருவர். அப்புறம் இன்னும் நாற்பது வரி அப்படி இருப்பது தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

நடந்தது இதுதான். சைட்டில் நாளை முதலில் எழுதி, பிறகு மாதத்தை எழுதியிருக்கிறார்கள். கோப்பைத் திறந்த கணினி, மாதம் முதலில் வரும் என்று எதிர்பார்க்கிற அமைப்பில் இருந்தது. மார்ச் 10 அன்று வார்த்தது 10/03. கணினி அதை அக்டோபர் 3 என்று படித்தது. 28 நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று உடைத்தது 07/04. அது ஜூலை 4 ஆகிவிட்டது. ஜூலை 4-க்கும் அக்டோபர் 3-க்கும் நடுவே 91 நாள். அப்படியென்றால் 25/04 என்ன ஆகும்? இருபத்தைந்தாவது மாதம் கிடையாது, அதனால் கணினி அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருக்கும், உற்றுப் பார்த்தால் ஒன்று கட்டத்தின் வலது ஓரத்திலும் இன்னொன்று இடது ஓரத்திலும் ஒட்டியிருக்கும். கழித்தலில் பிழை காட்டுகிற வரிகளை முந்தைய வருட மாணவர்கள் சத்தமில்லாமல் அழித்திருப்பார்கள். அதாவது மாதத்தின் 12-ஆம் நாளுக்குப் பிறகான எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, எல்லா மாதத்தின் முதல் 12 நாளை மட்டும், அதுவும் தப்பான மாதத்தில் போட்டு, அழகாக ஒரு படம் வரைந்திருப்பார்கள்.

எக்செலுக்குத் தேதி என்பது ஒரு எண், அவ்வளவுதான் என்று அப்போது சொன்னேன். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே போகும், 45000 என்று தட்டித் தேதியாக மாற்றினால் 2023 மார்ச் 15 வரும். 1900-இல் பிப்ரவரி 29 இருந்ததாகக்கூட அது நம்பிக்கொண்டிருக்கிறது. எக்செலுக்கு முந்தைய அட்டவணை மென்பொருளான லோட்டஸ் 1-2-3 காலத்துத் தப்பு, அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே விட்டுவைத்தது. இந்தத் துணுக்கைப் பரீட்சைக்குக் கேட்கவில்லை. ஆனால் பாடம் முடிந்த பிறகும் எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான்.

29 எங்கே?

அதே ரிஜிஸ்டர், அடுத்த வாரம். திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் சூத்திரம் எழுதிவிடுவார்கள். எதற்கு என்று கேட்டால் முழிப்பார்கள். இத்தனைக்கும் கான்கிரீட் மிக்ஸ் டிசைன், அதாவது கலவை விகிதம் தீர்மானிப்பது, படித்தபோது அதைத் தினமும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 30 மெகாபாஸ்கல் வலிமை வேண்டுமென்றால் சராசரியை 30-க்கு வைக்கக் கூடாது, வைத்தால் பாதி க்யூப் தோற்கும். நூற்றில் ஐந்துக்கு மேல் கீழே போகக் கூடாது என்பதற்காக, 30-உடன் 1.65 மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டி அதை இலக்காக வைக்கிறோம். விலக்கம் 5 என்றால் இலக்கு 38.25. சைட்டில் கட்டுப்பாடு நன்றாக இருந்து விலக்கம் 3.5-க்கு வந்துவிட்டால் இந்தச் சூத்திரப்படி இலக்கு 35.8 போதும். அந்த இரண்டரை மெகாபாஸ்கல் வித்தியாசம், ஒவ்வொரு கன மீட்டரிலும் மிச்சமாகிற சிமெண்ட். "திட்ட விலக்கத்துக்கு ஒரு ரேட் இருக்குன்னு இத்தனை நாள் யாரும் சொல்லலையே சார்" என்றார் ஒரு மாணவர். நானும் முந்தைய வருடம் சொல்லியிருக்கவில்லை.

சரி, இப்போது அந்தக் கட்டடத்தின் 28 நாள் முடிவுகளை வைத்துப் பட்டைப் படம் வரையுங்கள் என்றேன். சராசரி, விலக்கம் எல்லாம் பார்க்க நன்றாகவே இருந்தன. சராசரியை மட்டும் பார்த்து நம்பக் கூடாது என்பதற்கு புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுதிகளை முந்தைய வகுப்பில்தான் காட்டியிருந்தேன். நான்கிலும் தலா 11 புள்ளிகள், நான்கிலும் சராசரியும் ஒட்டுறவும் ஏறக்குறைய ஒன்றே, வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு ஜாதி. அதை ஞாபகம் வைத்திருந்த ஒரு மாணவி படத்தை வரைந்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"சார், 29 எங்கே?"

31 இருக்கிறது, 33 இருக்கிறது, 27-கூட இரண்டு இருக்கிறது. 29-லிருந்து 30 வரைக்கும் ஒன்றுமே இல்லை, பல் விழுந்த இடம் மாதிரி. அதற்குப் பக்கத்திலேயே, 30-க்கும் 31-க்கும் நடுவே, கூட்டம் நெரிகிறது.

உடனே யாரோ "ஃப்ராடு" என்றார்கள். பொறு என்றேன். இயந்திரம் காட்டுவது வலிமையை இல்லை, சுமையைத்தான். 150 மில்லிமீட்டர் க்யூபுக்குப் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர், 30 மெகாபாஸ்கல் என்றால் 675 கிலோநியூட்டன். முள் 670-க்கும் 675-க்கும் நடுவில் நிற்கிறது, எழுதுகிறவர் எந்தப் பக்கம் தள்ளுவார்? 670 என்றால் 29.78, அதற்குமேல் கடிதம், விசாரணை, மறுசோதனை. 675 என்றால் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம். கை 675 என்று எழுதியிருக்கலாம். அல்லது தோற்ற மாதிரிக்கு மறுசோதனை செய்து, பழைய முடிவின் மேல் புதிய முடிவை எழுதியிருக்கலாம். அல்லது நிஜமாகவே யாரோ ரிஜிஸ்டரை உட்கார்ந்து தயாரித்திருக்கலாம். அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எது என்று சொல்ல முடியாது. எதைக் கேட்டால் சொல்ல முடியும் என்று ஒரு பக்கம் எழுதிவாருங்கள் என்று அனுப்பினேன். வந்த விடைகளில் நல்லது, இயந்திரத்தின் மூலச் சுமைக் குறிப்புகளைக் கேட்டது. இன்னும் நல்லது, அதே மாதிரிகளின் 7 நாள் முடிவுகளிலும் இந்தப் பல்லிடுக்கு இருக்கிறதா என்று பார்த்தது. இல்லை, 7 நாள் படம் வழுவழுவென்று இருந்தது. 7 நாள் முடிவுக்கு யாரும் பாஸ், ஃபெயில் போடுவதில்லை.

இந்த ஒரு வகுப்புக்காகவே மொத்தப் பாடத்தையும் இன்னொரு தடவை எடுப்பேன்.

கம்பி கட்டுபவர்கள் ஏன் கடைசி நாளில் மட்டும் வேலை செய்தார்கள்

ஆறாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை உற்பத்தித்திறன். ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கிலோ கம்பி கட்டுகிறார் என்பதுதான் கணக்கு. எடையை ஆட்களால் வகு, நாள்வாரியாகப் படம் வரை. படம் இதயத் துடிப்பு மாதிரி வந்தது: பல நாள் பூஜ்யம், திடீரென்று ஒரு உச்சி, மறுபடி பூஜ்யம். உச்சி எல்லாமே கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளில்.

ஏறக்குறைய எல்லாக் குழுவும் இதற்கு ஒரு மனித நாடகத்தைக் கற்பித்துக்கொண்டு வந்தன. கெடு நெருங்கினால் வேலை வேகமாகிறது, ஆகவே கெடுக்களை அடிக்கடி வையுங்கள் என்று பரிந்துரை வேறு. கேட்பதற்கு நன்றாக இருந்தது, ஒரு குழு அதற்கு வண்ணப் படம் எல்லாம் போட்டிருந்தது.

அன்றைக்கு, பழைய பழக்கத்தில், கம்பி வேலை மேஸ்திரி ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்திருந்தேன். இந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர் இல்லை, ஆனால் முப்பது வருடம் இதே தொழில். படத்தைத் திரையில் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பூஜ்யம் போட்டிருக்கிற நாள்ல எங்க ஆளுங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்களாம்?"

"தெரியலண்ணே, ரிப்போர்ட்ல கம்பி எடை பூஜ்யம்னு இருக்கு."

"ஆளு எத்தனை போட்டிருக்கு?"

"பதினாறு."

"பதினாறு பேருக்குச் சும்மாவா கூலி குடுத்தாங்க? ஸ்லாபைச் செக் பண்ணி ஓகே சொன்னப்புறம்தானே தம்பி எடையை எழுதுவாங்க. ஆளை மட்டும் தினம் எழுதுவாங்க."

அவ்வளவுதான். ஆட்களின் எண்ணிக்கை தினமும் காலையில் பதிவாகிறது. எடை, பரிசோதனை முடிந்த நாளில் மொத்தமாகப் பதிவாகிறது. மேலே இருக்கிற எண் ஒரு கடிகாரத்தில் ஓடுகிறது, கீழே இருக்கிற எண் வேறொரு கடிகாரத்தில் ஓடுகிறது, இரண்டையும் நாள்வாரியாக வகுத்தால் வருவது உற்பத்தித்திறனே இல்லை, பரிசோதனை அட்டவணை. கெடு, மனித மனம், எல்லாம் எங்கள் கற்பனை.

தீர்வு சுலபம்: ஒரு ஸ்லாபில் இருந்து அடுத்த ஸ்லாப் வரை ஆட்களைக் கூட்டு, அந்த ஸ்லாபின் மொத்த எடையால் வகு. எக்செலில் ஒரு பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் கூட்டித் தரும் வசதி) போதும். படம் உடனே சாந்தமானது. அதில் ஒரு உண்மையான கதையும் தெரிந்தது. ஒரே மாதிரித் தளங்களைத் திரும்பத் திரும்பக் கட்டும்போது ஆள்-நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். விமானத் தயாரிப்பில் 1936-இல் ரைட் என்பவர் இதைக் கணக்காக எழுதினார், எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் உழைப்பு ஒரே விகிதத்தில் குறைகிறது என்று. 80 சதவீத வளைவு என்றால் முதலாவதுக்கு 100 மணி, இரண்டாவதுக்கு 80, நான்காவதுக்கு 64, எட்டாவதுக்கு 51. எங்கள் கட்டடத்திலும் முதல் ஐந்து தளம் இறங்கியது, அவ்வளவு செங்குத்தாக இல்லை என்றாலும் இறங்கியது. ஏழாம் தளத்தில் ஏணி வைத்து ஏறியது.

ஏன்? தரவில் விடை இல்லை. தினசரி அறிக்கையில் அந்த இரண்டு வாரமும் "கம்பி வேலை நடைபெறுகிறது" என்றே இருக்கிறது, ஒரே வாசகம், நகல் எடுத்து ஒட்டியது. மழை இல்லை, ஆள் பற்றாக்குறை இல்லை. ஒரு குழு மாதாந்திர அறிக்கையின் பின்னிணைப்பைக் குடைந்து, வரைபடத் திருத்தப் பட்டியலில் ஏழாம் தளத்துக் கம்பி வரைபடம் மாற்றப்பட்ட தேதியைப் பிடித்தது. கட்டிய பிறகு திருத்தம் வந்திருக்கிறது. அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். அவிழ்த்ததற்கு எடை கிடையாது, அதனால் அந்த உழைப்பு எந்தப் பத்தியிலும் உட்காராமல் ஆட்கள் எண்ணிக்கையில் மட்டும் வீங்கி நிற்கிறது.

அந்தக் குழுவுக்கு நான் ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

மீதி வாரங்கள், வேகமாக

ஈட்டிய மதிப்பு முறையை எல்லோரும் ஏற்கெனவே படித்திருந்தார்கள், அதனால் ஒரு வகுப்புதான். முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்ட வேலையின் மதிப்பால் வகுத்தால் கால அட்டவணைச் செயல்திறன் குறியீடு. ஒன்றுக்குக் கீழே என்றால் பின்தங்கியிருக்கிறோம். அந்தக் கட்டடம் தாமதமாக முடிந்தது எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் வரையச் சொன்னேன். குறியீடு 0.8-க்கு இறங்கி, அப்புறம் மெல்ல ஏறி, கடைசி மாதம் கச்சிதமாக 1.00-இல் வந்து நின்றது. கடைசியில் முடிந்த வேலையும் மொத்த வேலை, திட்டமிட்டதும் மொத்த வேலை, வகுத்தால் ஒன்றுதானே வரும், மூன்று மாதம் தாமதமோ மூன்று வருடம் தாமதமோ. இதைக் கவனித்துத்தான் வால்ட் லிப்கே 2003-இல் பணத்துக்குப் பதில் காலத்தையே அளக்கும் முறையை முன்வைத்தார்: இன்று முடித்திருக்கும் வேலையைத் திட்டப்படி எந்த மாதம் முடித்திருக்க வேண்டும் என்று பார்ப்பது. 12 மாத வேலை 15 மாதத்தில் முடிந்தால் கடைசியில் 0.8 என்றே காட்டும், ஒன்றுக்குப் போய் உட்காராது. சைட் அனுபவம் உள்ள ஒரு மாணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த எண் ஏறுவதைக் காட்டித்தான் "ரெகவர் ஆகிட்டோம்" என்று மாதாமாதம் அவர் மேலே அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

பைதான் ஒன்பதாவது வாரம்தான் வந்தது. இந்தத் தடவை யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான தினசரி அறிக்கைக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டி விரல் தேய்ந்த பிறகு, லூப் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. எக்செலிலேயே கோப்புகளைச் சேர்க்க உதவும் பவர் குவரியில் முடித்துக்கொண்டவர்களையும் நான் தடுக்கவில்லை. டாஷ்போர்டுக்கு அரை வகுப்புதான் கொடுத்தேன், அதுவே அதிகம் என்று தோன்றியது.

கணிப்பு கடைசியில். முந்தைய வருட 97 சதவீத மாடலை, என் மதிப்பெண்ணோடு சேர்த்து, அப்படியே திரையில் போட்டு, இதில் என்ன தப்பு என்று கேட்டேன். இருபது நிமிடத்துக்குள் கண்டுபிடித்தார்கள். (பெயரை எடுத்துவிட்டுத்தான் போட்டேன். என் பெயரை மட்டும் விட்டுவைத்தேன்.) அப்புறம் விபத்துக் கணிப்பு: ஆயிரம் ஆள்-நாளில் ஐந்து காயம் என்றால், "இந்த ஆளுக்கு இன்று காயம் ஆகாது" என்று ஒவ்வொரு ஆளுக்கும் தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மாடலுக்கு 99.5 சதவீதத் துல்லியம். அதை வைத்து யாரைக் காப்பாற்றுவது? மாடல் எதுவும் போடுவதற்கு முன்னால், இதே மாதிரி முடிந்த வேலைகளுக்கு என்ன ஆனது என்று பார்க்கிற பழக்கம் வர வேண்டும் என்பதற்காகப் பென்ட் ஃப்ளிவ்பியர்க் குழுவின் 2002 ஆய்வைப் பேசினோம். 258 போக்குவரத்துக் கட்டுமானத் திட்டங்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பதில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது, சராசரியாக 28 சதவீதம். உங்கள் மாடல் "இது மதிப்பீட்டுக்குள் முடியும்" என்று சொன்னால், அந்தப் பத்தில் ஒன்று நீங்கள்தான் என்று நம்ப என்ன ஆதாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

மதிப்பெண்ணும் சில தோல்விகளும்

பரீட்சையில் பாதி மதிப்பெண், விடைக்கு இல்லை. ஒவ்வொரு பத்திக்கும் "இதை யார் எழுதினார், எப்போது எழுதினார், தப்பாக எழுதினால் அவருக்கு என்ன லாபம்" என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதி இணைக்க வேண்டும், அதற்குத்தான். முதலில் முணுமுணுத்தார்கள். கணினி வேலையில் கெட்டியான நான்கைந்து பேர் கடைசிவரை முணுமுணுத்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: நேர்முகத் தேர்வில் எந்த மென்பொருள் தெரியும் என்றுதான் கேட்கிறார்கள், தேதி எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்காகத் தனியாக இரண்டு மாலை வகுப்பு எடுத்தேன், அது போதவில்லை. புள்ளியியலிலும் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியைப் பற்றிப் பேசவே நேரம் இல்லை, ஒரு கட்டடத்தை வைத்து எல்லாக் கட்டடத்துக்கும் தீர்ப்பு எழுதிய அறிக்கைகள் குறைந்தது ஆறு இருக்கும். ஒரே தரவுக்குள் 14 வாரம் முங்கிக் கிடந்ததற்கு அது விலை. அடுத்த தடவை இரண்டாவதாக ஒரு சின்னக் கட்டடம் சேர்க்க வேண்டும், யார் தருவார்கள் என்று தெரியவில்லை.

"29 எங்கே?" என்று கேட்ட மாணவி பயிற்சிக்குப் போன சைட்டில், தினசரி அறிக்கைப் படிவத்தைத் திருத்தும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். 23 பத்தி இருந்ததை 9 ஆகக் குறைத்தாராம். ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறார், "அவிழ்த்துக் கட்டிய ஆட்கள்" என்று. முதல் இரண்டு வாரம் எல்லோரும் அதில் பூஜ்யம் போட்டார்கள். மூன்றாவது வாரம் மேஸ்திரியிடம் போய், இந்த எண்ணை வைத்து உங்கள் பில்லில் யாரும் கை வைக்க மாட்டார்கள், வரைபடம் மாறியதற்குத்தான் கணக்கு என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் 11 என்று எழுதி வந்ததாம். படிவத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார், தேதி 04/05 என்று இருந்தது. ஏப்ரலா மே மாதமா என்று பதிலுக்குக் கேட்டேன், சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.